பி.டி. முடித்தவர் எம்.டிஎச். சேர என்னென்ன தகுதி வேண்டும்?

செராம்பூர் செனட்டின் (வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் இறையியல் பட்டங்களை வழங்கும் அமைப்பு) பி.டி., அதாவது இறையியல் இளநிலைப் பட்டம், முடித்து சபையில் ஊழியம் செய்வதாகவும், முதுநிலையான எம்.டிஎச். படிக்க மதிப்பெண் மட்டும் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் அப்படி நம்பித்தான் சில வருடங்களை இழந்தேன்.

பொதுவான விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மதிப்பெண்ணோடு பி.டி., திருச்சபையின் பரிந்துரைக் கடிதம், நுழைவுத் தேர்வு. படிப்பு இரண்டு வருடம், முதலில் தாள்கள், அப்புறம் ஆய்வேடு. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தடுக்கி விழும் இடம் மொழி. பழைய ஏற்பாட்டுத் துறைக்கு எபிரெயம் கட்டாயம், புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம். கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு போன்ற துறைகளில் இந்தக் கட்டாயம் இல்லை.

நான் பி.டி. படித்தபோது இரண்டில் ஒரு மொழி எடுத்தால் போதும். சீனியர்கள் சொன்னதைக் கேட்டு கிரேக்கம் எடுத்தேன். ஆனால் சேகரத்துக்கு, அதாவது ஆயராக என் பொறுப்பில் வந்த சபைகளுக்கு, வந்தபிறகு என்னைப் பிடித்துக்கொண்டது பழைய ஏற்பாட்டின் துதிப்பாடல்களான சங்கீதங்கள். துக்க வீட்டில் சங்கீதம், அறுப்பின் பண்டிகையில் சங்கீதம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் அதுதான். பழைய ஏற்பாட்டில்தான் எம்.டிஎச். என்று முடிவு செய்து விண்ணப்பித்தால், எபிரெயம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு வயது 36.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சனிக்கிழமைதோறும் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 22 எழுத்து, வலமிருந்து இடம். தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வித்தியாசம் ஒரு மூலைதான். தமிழில் வேரோடு விகுதி ஒட்டிக்கொண்டே போகும். எபிரெயத்தில் மூன்று மெய்கள் அசையாமல் நிற்க, நடுவே உயிர்கள் மாறும். மெலெக் என்றால் ராஜா, மல்கா என்றால் ராணி. இது பிடிபடவே ஆறு மாதம் ஆனது.

ஒருநாள் 136-ஆம் சங்கீதத்தைத் திறக்கச் சொன்னார். 26 வசனம், 26 முறையும் ஹெசெத் என்ற அதே சொல். நாம் சிறுவயதிலிருந்து 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று சொல்லிவந்த இடம். தமிழ் வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பில் அது 'பேரன்பு'. உடன்படிக்கை செய்துகொண்டவர் கடைசிவரை கைவிடாமல் நிற்கும் உறுதியும் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று ஐயா விளக்கினார். அதற்கு முன் எத்தனை அடக்க ஆராதனையில் அந்த வரியை வாசித்திருப்பேன்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"கிராமத்து ஆயருக்கு எபிரெயம் எதற்கு, ஜெபித்தால் போதாதா" என்று சிலர் இங்கே எழுதக்கூடும். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்கள் நம் வாயிலிருந்துதான் வேதத்தைக் கேட்கிறார்கள், அதைச் சரியாகப் படித்துச் சொல்வதும் ஊழியம்தான். செராம்பூர் பட்டம் செல்லாத பட்டம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-இல் தொடங்கியது செராம்பூர் கல்லூரி. தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அன்று டென்மார்க்கின் வசம் இருந்தது. பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்தார், 1918-இல் வங்காளச் சட்டம் அதை உறுதி செய்தது.

மொழி முடிந்தும் பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு வருடம் அலைந்தேன். கோப்பு மேசையில் இருக்கிறது என்றே சொன்னார்கள். ஆகவே கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா இறந்தபின் அவருடைய புத்தகங்களைச் சபை நூலகத்துக்கு வாங்கி வைக்கலாம் என்று கமிட்டியில் கேட்டேன். பணம் இல்லை என்றார்கள். அதே வருடம் கோபுரத்துக்கு இரண்டாம் முறை வர்ணம் அடித்தோம், அசனத்துக்குப் பந்தலைப் பெரிதாக்கினோம். அசனத்தை நான் குறை சொல்லவில்லை, ஊரே சேர்ந்து சாப்பிடுவது நல்ல காரியம். ஆனால் அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. நான் ஓடிப்போனபோது அவருடைய எபிரெய இலக்கணம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஓரமெல்லாம் பென்சிலில் அவர் கையெழுத்து.

எந்தத் துறை என்று நீங்கள் எழுதவில்லை. பழைய ஏற்பாடு என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை மாலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.