ஆர்க்கிட்டுக்கு எந்தத் தொட்டி, உள்ளே எதை நிரப்புவது?

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபெலனாப்சிஸ், பூ உதிர்ந்ததும் பத்து அங்குலத் தொட்டிக்கு மாறியது. செம்மண், மண்புழு உரம், மணல் மூன்றும் கலந்து நட்டேன். இப்போது இலையெல்லாம் தொய்ந்து, அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?
— வாசகி, தாம்பரம்

குவளையைக் கீழே வையுங்கள், அம்மா. செடிக்குத் தாகம்தான், ஆனால் குடிக்க வேர் இருக்காது. ஈர மண்ணுக்குள் அழுகியிருக்கும். இன்றே வெளியே எடுங்கள்.

ஃபெலனாப்சிஸ் காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. அதன் வேர்மேல் வெலாமென் என்ற பஞ்சுபோன்ற உறை இருக்கிறது. மழை பட்டால் சட்டென்று உறிஞ்சிப் பச்சையாகும், காற்றில் உலர்ந்தால் வெள்ளி நிறமாகும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். செம்மண்ணுக்குள் நனைவது மட்டும் நடக்கிறது. உங்கள் ஊர் ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம்.

மண்ணைக் கழுவிவிட்டு ஒவ்வொரு வேராக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பழுப்பாகக் கறை படிந்திருந்தாலும் உயிர் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அமுங்கிக் கூழானால், அல்லது தோல் உருவி உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வெட்டிவிடலாம். கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவைத்த பிறகு வெட்டுங்கள். அடித்தண்டைச் சுற்றி ஈரப் பாசி உருண்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தைவானிலும் பிற இடங்களிலும் பெரிய பண்ணைகள் இந்தச் செடியை ஸ்ஃபாக்னம் பாசியில் இறுக்கித்தான் வளர்க்கின்றன. அவர்களிடம் கணக்குப் பார்த்துத் தண்ணீர் விட ஆள் இருக்கிறது. நம் கையில் அந்த உருண்டையின் நடுப்பகுதி காய்வதே இல்லை. அதையும் பிய்த்து எடுங்கள். வெட்டுக்காயத்தில் மட்டும் துளி இலவங்கப்பட்டைத் தூள் வைக்கலாம். வேர் முழுக்கத் தூவினால் நல்ல வேரும் வறண்டுபோகும்.

இனி தொட்டி. இலையின் நீளத்தை மறந்துவிடுங்கள், மிஞ்சிய வேர்தான் கணக்கு. வேர்க்கட்டை உள்ளே வைத்தால் சுற்றிலும் விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு அடிக்கு இலை விரித்த ஃபெலனாப்சிஸ்கூட நான்கைந்து அங்குலத் தொட்டியில் சுகமாக இருக்கும். வேர் பாதி போயிருந்தால் மூன்றரை அங்குலமே போதும். பெரிய தொட்டி வாங்கினால் அடிக்கடி மாற்ற வேண்டாமே என்பார்கள். வேர் எட்டாத இடத்தில் தேங்கும் ஈரத்தை யார் குடிப்பது?

பக்கவாட்டில் துளை உள்ள மண்தொட்டி சிறந்தது. கிடைக்காவிட்டால், அடியில் ஓட்டையுள்ள தெளிவான பிளாஸ்டிக் தொட்டியில் சூடான கம்பியால் பக்கத்திலும் துளை போடுங்கள். வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும், எப்போது தண்ணீர் விடுவது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது. துளையே இல்லாத பீங்கான் சாடியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

நிரப்ப மரக்கரி இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, அடியில் ஓட்டாஞ்சில்லு. கரி என்றால் இஸ்திரி வண்டிக்காரர் வாங்குகிற அதே சீமைக்கருவேலக் கரிதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சுடுவது. தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளை எடுத்துக் கழுவுங்கள். மட்டையில் உப்பு உண்டு. நாலைந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பழுப்புச் சாயம் இறங்குவது நின்றபின் பயன்படுத்துங்கள். நார்த்தூள் கட்டி மட்டும் வேண்டாம், அது மண்ணைவிட மோசமாக ஈரம் பிடிக்கும்.

செடியை வைத்து, இலை பிரியும் இடம் புதையாமல் கலவையைச் சுற்றிலும் இட்டு, ஆடாதபடி குச்சியில் கட்டுங்கள். ஆடினால் புது வேர் முனை உரசி நின்றுபோகும். நிழலில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் வையுங்கள். அதற்கு மேல் காயவிடாதீர்கள், இந்தச் செடிக்குத் தண்ணீர் சேமிக்கத் தண்டு கிடையாது. உரம் புது வேர் தெரிந்த பிறகு.

கேள்வி: என் டென்ட்ரோபியம் நாலடி உயரம், தொட்டியோ ஐந்து அங்குலம். காற்றடித்தால் சாய்கிறது, வேரெல்லாம் வெளியே தொங்குகிறது. பெரிய தொட்டிக்கு மாற்றி, இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிடவா?
— வாசகர், மதுரை

சாய்வதற்கு மருந்து எடைதான். இப்போதைய தொட்டியை ஒரு கனமான மண்தொட்டிக்குள் நிறுத்தி, இடைவெளியில் ஜல்லி போடுங்கள். வெளியே தொங்கும் வேர் நோயல்ல, அதன் இயல்பு.

கலவை மக்கிக் குழைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். கரி பல வருடம் தாங்கும், மட்டை இரண்டு வருடத்தில் நொறுங்கத் தொடங்கிவிடும். மாற்றும் நேரம், புதுக் குருத்தின் அடியில் வேர் முனை பச்சையாக எட்டிப்பார்க்கும்போது. இது ஒரு பக்கமாக நடந்துபோகும் செடி. அதனால் பழைய தண்டுகளின் பக்கத்தைத் தொட்டி விளிம்போடு ஒட்டிவைத்து, குருத்து போகும் பக்கம் இரண்டு வருட வளர்ச்சிக்கு இடம் விடுங்கள். ஆறங்குலத் தொட்டி போதும்.

மொட்டைத் தண்டுகளில் கை வைக்காதீர்கள். புதுத் தண்டுக்குத் தேவையான நீரும் சத்தும் அவற்றில் இருக்கிறது. பழைய கணுவிலிருந்தே பூக்காம்பு வருவதும் உண்டு. சுருங்கிக் காகிதமாய்க் காய்ந்ததை மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: வாண்டாவின் மரக்கூடை உளுத்துவிட்டது. வேர் கூடையோடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது. புதுக் கூடையில் என்ன நிரப்புவது?
— வாசகி, சேலம்

ஏன் பிரிக்கிறீர்கள்? பழைய கூடையோடு அப்படியே பெரிய கூடைக்குள் இறக்குங்கள். நீண்ட வேர்களை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் உடையாமல் வளையும். நிரப்ப எதுவும் வேண்டாம். நம் ஊர் மாமரங்களில் தானாக வளரும் வாண்டா டெஸலாட்டாவுக்கு யார் கலவை போட்டார்கள்? (அதைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள்.) சேலத்துக் கோடைக் காற்று வறண்டது என்பதால் முட்டை அளவுக் கரித்துண்டு நாலைந்து போடலாம். காலையில் வேர் முழுதும் பச்சையாகும்வரை தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: கரியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சைதானே?
— வாசகர், அண்ணா நகர்

சுரண்டிப் பாருங்கள். நகத்தில் மாவுபோல் வந்தால் உப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உரமும் விட்டது. மழைநீர் பிடித்து மாதம் ஒருமுறை தொட்டி வழியாகத் தாராளமாக ஓடவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் கரியை மாற்றுங்கள், செடி பூவோடு இருந்தால் பூ முடிந்த பிறகு.