ஆப்ஷன் ஆடும் அணியைச் சந்திக்க ஒரு கல்லூரி ஃபுட்பால் அணி ஒரே வாரத்தில் எப்படித் தயாராகிறது?

கேள்விக்குக் கீழே விளக்கமும் போட்டிருக்கிறீர்கள். மகன் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி அணியில் டிஃபென்ஸ் ஆடுகிறான், வருகிற சனிக்கிழமை எதிரணி ட்ரிப்பிள் ஆப்ஷன் ஆடுமாம், போன் பண்ணினால் அதையே புலம்புகிறான், அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான் சார். பையனைத் திட்டாதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோச் இல்லை. ஹெல்மெட்டை மாட்டியதே ஒரு தடவைதான், அதுவும் ஊருக்கு போட்டோ அனுப்ப. 2009-இலிருந்து 2011 வரை தெற்கு மாநிலம் ஒன்றில் எம்.எஸ். படித்தேன். அந்தக் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு வீடியோ எடுக்கிற வேலை கிடைத்தது. மணிக்கு 7.25 டாலர். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மேலே போகும் லிஃப்டில் ஏறி நின்று, கீழே நடக்கும் பயிற்சியைப் படம் பிடித்து, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டமாக வெட்டி அடுக்கிக் கொடுக்க வேண்டும். "கேமரா பிடித்தவனுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். இரண்டு சீசன், ஒவ்வொரு ஆட்டத்தையும் குறைந்தது நாலு தடவை பார்த்தவன் நான். அந்த அணியின் பாதி ஆட்டக்காரர்கள் அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். "காலால் உதைக்காத விளையாட்டுக்கு எதற்கு ஃபுட்பால் என்று பெயர்" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில் இல்லை.

ட்ரிப்பிள் ஆப்ஷன் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்பதை ஆட்டம் தொடங்கிய பிறகு முடிவெடுப்பது. பந்தை முதலில் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவன் குவார்ட்டர்பேக். அவனுக்கு நேர் பின்னால் ஃபுல்பேக் நிற்பான், பந்தோடு ஓடுகிறவன். இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கொரு ஸ்லாட்பேக், அவனும் ஓடுகிறவன்தான். பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் அதை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைப்பான், ஆனால் விட மாட்டான். அரை நொடி இரண்டு பேர் கையும் பந்தின்மேல் இருக்கும். அந்த அரை நொடியில் அவன் பார்ப்பது உங்கள் அணியில் ஒரே ஒருவனை. அந்த ஒருவனை அவர்கள் வேண்டுமென்றே பிளாக் பண்ணாமல், அதாவது உடம்பால் முட்டித் தடுக்காமல், விட்டிருப்பார்கள். அவன் ஃபுல்பேக்மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான். பாயாமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கே. வெளியே ஓடினால் அங்கே பிளாக் பண்ணாத இன்னொருவன் இருப்பான். அவன் குவார்ட்டர்பேக்கிடம் வந்தால் பந்து பக்கவாட்டில் ஸ்லாட்பேக்குக்குப் பறக்கும். வராவிட்டால் குவார்ட்டர்பேக்கே ஓடுவான்.

அதாவது உங்கள் அணியில் இரண்டு பேரைத் தொடாமலேயே ஏமாற்றுகிறார்கள். அவர்களைத் தடுக்கப் போயிருக்க வேண்டிய இரண்டு பேர் இப்போது வேறு ஆளைத் தடுக்கலாம். உடம்பில் சின்ன அணி பெரிய அணியோடு மல்லுக்கட்டுவது இந்தக் கணக்கில்தான். 2013 நவம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்ன அணி, பெரிய அணியான ஃப்ளோரிடாவின் சொந்த மைதானத்துக்கே போய் 26-20 என்று ஜெயித்தது. அன்றைக்கு ஜார்ஜியா சதர்ன் முன்னால் எறிந்த ஒரு பாஸ்கூட ஆள் கையில் சேரவில்லை. ஓடியே 429 யார்டு.

இன்னொரு தொல்லை, பந்தை உங்களுக்குத் தரவே மாட்டார்கள். 2018-இல் ஆப்ஷன் ஆடும் ஆர்மி அணி (ராணுவ அகாடமியின் அணி) ஓக்லஹோமாவோடு ஆடியபோது 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்து ஆர்மியிடம். அந்த வருஷம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கப்போகிற ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில்தான் ஓக்லஹோமா 28-21 என்று தப்பித்தது.

இப்போது உங்கள் பையனின் வாரத்துக்கு வருகிறேன். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி எங்கள் டிவிஷனில் ஆட்டக்காரனுக்கு வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி. (என் எஃப்-1 மாணவர் விசாவுக்கும் வாரம் அதே 20 மணி நேர வேலைதான். நாங்கள் எல்லாரும் ஒரே ஜாதி என்று சொல்லிச் சிரிப்போம்.) சீசன் முழுக்க அவன் பழகியது, பந்து எங்கே போகிறதோ அங்கே ஓடு என்று. இந்த ஒரு வாரத்தில் அதை மறக்கச் சொல்வார்கள். இப்போது வேலை பிரிக்கப்பட்டிருக்கும்: ஃபுல்பேக்குக்கு ஒருவன், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவன், ஸ்லாட்பேக்குக்கு ஒருவன். உன் ஆளிடம் பந்து இருக்கிறதா இல்லையா என்பது உன் கவலையே இல்லை, அவனை அடி. கேட்க ஈஸி. கண்ணெதிரே பந்து வேறு பக்கம் போகும்போது உடம்பு கேட்காது. கபடியில் சங்கிலி கோத்து நிற்கும்போது ஒருவன் ஆசைப்பட்டு முன்னால் எட்டிப் பிடிக்கப் போவானே, அதே கதை.

2010 அக்டோபரில் எங்களுக்கு அப்படி ஒரு வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் டிஃபென்ஸ் கோச் பந்தையே எடுத்து வைத்துவிட்டார். பதினொரு பேருக்கு எதிரே பதினொரு பேர், நடுவில் பந்து இல்லை. ஸ்கவுட் டீம் பந்து இருப்பதுபோலவே ஓட வேண்டும். ஸ்கவுட் டீம் என்றால் எதிரணியாக வேஷம் கட்டி ஆடும் நம் பையன்கள், பெரும்பாலும் முதலாம் ஆண்டு. விசில் ஊதியதும் கோச் எண்ணுவார். ஃபுல்பேக் பிடிபட்டானா, குவார்ட்டர்பேக் பிடிபட்டானா, ஸ்லாட்பேக் பிடிபட்டானா. ஒருத்தன் சும்மா நின்றாலும் திரும்ப முதலிலிருந்து. மேலே லிஃப்டிலிருந்து பார்க்க, பேய் பிடித்த கூட்டம் மாதிரி இருந்தது. முதல் அரை மணி நேரம் லைன்பேக்கர்கள், அதாவது டிஃபென்ஸில் இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள், இல்லாத பந்தைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். வீடியோவில் அது நன்றாகத் தெரிந்தது.

அதற்கு முன்னால் முட்டிக்கான பயிற்சி. ஆப்ஷன் அணிகள் இடுப்புக்குக் கீழே விழுந்து காலை வாருவார்கள், கட் பிளாக் என்று பெயர். அதற்குப் பழக ஜிம்மில் இருக்குமே, வயிற்றை வைத்து உருளும் பெரிய ரப்பர் பந்து, அதை எதிரே வருபவன் முட்டியை நோக்கி உருட்ட வேண்டும். அவன் இரண்டு உள்ளங்கையாலும் அதைத் தரையோடு அமுக்கி, காலைப் பின்னால் எடுத்து, விழாமல் மேலே ஓட வேண்டும். உருட்ட ஆள் போதவில்லை என்று என்னை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒருத்தன் என்னைப் பார்த்து ஓடி வருகிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன். பந்து எகிறி அவன் முகத்திலேயே பட்டது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். "இன்னும் வேகமாக உருட்டு, அவங்க இதைவிட வேகமா வருவாங்க" என்றான். மறுநாள் காலை என் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

கட் பிளாக் பற்றிய விதி இப்போது மாறிவிட்டது. 2018-இல் பந்து வைக்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் இடுப்புக்குக் கீழே பிளாக் பண்ணக் கூடாது என்றார்கள். 2022-இல் நடுவில் பந்தைச் சுற்றி இருக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்கு வெளியே எங்கேயுமே கூடாது என்றார்கள். ஆப்ஷன் அணிகளுக்கு அது பெரிய அடி. அதனால் உங்கள் பையனின் முட்டிக்கு அன்றைக்கு எங்கள் பையன்களுக்கு இருந்த அளவு ஆபத்து இல்லை. அவனுடைய அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

ஸ்கவுட் டீமுக்கு எதிரணியின் ஆட்டம் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் பெரிய அட்டையில் மார்க்கரால் வரைந்து காட்ட வேண்டும். யார் எங்கே ஓடுவது, யார் யாரைத் தடுப்பது எல்லாம். அந்த வாரம் உதவி கோச் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. "நீதான் எல்லா வீடியோவையும் வெட்டினாய், நீயே வரை" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எதிரணியின் நாலு மேட்ச், அதில் கிட்டத்தட்ட 260 தடவை பந்து எடுத்திருக்கிறார்கள். எக்செலில் போட்டு, எது எத்தனை தடவை என்று வரிசைப்படுத்தி, அதிகமாக ஆடிய இருபதுக்கு அட்டை போட்டேன். பார்த்துப் பார்த்து வரைந்தேன். கோச்சும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வரிசையில் கீழே ஒன்று இருந்தது. 260-இல் ஐந்து தடவை. ஸ்லாட்பேக் வழக்கம்போல நம் சேஃப்டியை, அதாவது டிஃபென்ஸில் கடைசியாகப் பின்னால் நிற்பவனை, தடுக்க ஓடி வருவான், ஆனால் தொடாமல் தாண்டிப் போய்விடுவான். ஓட்டத்தைத் தடுக்க முன்னால் ஏறி வந்த சேஃப்டியின் முதுகுக்குப் பின்னால் பாஸ். ஐந்து தடவைதானே என்று விட்டுவிட்டேன். என் இருபது அட்டையிலும் ஸ்லாட்பேக் சேஃப்டியைத் தடுக்கத்தான் வருகிறான். மூன்று நாள் எங்கள் சேஃப்டி அதைத்தான் பார்த்தான். அவன் வருகிறான் என்றால் ஓட்டம், முன்னால் ஏறு.

சனிக்கிழமை முதல் பாதி நன்றாகவே போனது. பந்தில்லாமல் பழகியது வீண் போகவில்லை, ஃபுல்பேக்குக்கு மூச்சு விட இடமில்லை. மூன்றாம் குவார்ட்டரில் அவர்களுக்கு ஒரு டச் டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது), நான்காவதில் ஒன்று. இரண்டும் அந்தப் பாஸ். நான் மேலே அகலக் காட்சி பிடித்துக்கொண்டிருந்தேன். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க வருகிறவன் முட்டுவதற்கு முன் தோளைத் தாழ்த்துவான். இவன் தாழ்த்தவில்லை. கேமராவை ஆட்டாமல் வைத்திருப்பதுதான் என் வேலை, வைத்திருந்தேன். ஏழு புள்ளியில் தோற்றோம். இரண்டாம் பாதியில் எங்களுக்குப் பந்து கிடைத்ததே மூன்று முறைதான்.

திங்கட்கிழமை சேஃப்டி வீடியோ அறைக்கு வந்தான். இரண்டு டச் டவுனையும் போடச் சொன்னான். இரண்டு தடவை பார்த்தான். "இது அட்டையில் இல்லையே" என்றான். கோபமாகக்கூட இல்லை. இல்லை என்றேன். போய்விட்டான். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையை யார் வரைந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அதே சனிக்கிழமை என் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேட்ச் நாளில் அந்தப் பார்க்கிங் நன்கொடையாளர்களுக்காம். காலை ஆறு மணிக்கு, அணியின் வேலைக்கு, அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவன் நான். மீட்க 140 டாலர், அதாவது என் ஒரு வாரச் சம்பளம் முழுக்க. "போர்டு வைத்திருக்கிறோமே" என்றார்கள். அந்த போர்டு ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தது. பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஆறவில்லை.

"ஆப்ஷனெல்லாம் செத்துப்போன ஆட்டம், இதற்கு இவ்வளவு பெரிய பதிலா" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஆர்மி 2024-இல் 12 ஆட்டம் ஜெயித்து, தோற்றது இரண்டே இரண்டு. தன் கான்ஃபரன்ஸ், அதாவது தன் லீக்கின், பட்டத்தையும் வாங்கியது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி அந்த சீசனில் ஓடியே 32 டச் டவுன் போட்டார். அரிதாகிவிட்டது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அரிதானதால்தான் ஒரு வாரத்தில் பழக முடியவில்லை. புத்திசாலி அணிகள் ஆகஸ்டிலேயே ஆரம்பிப்பார்கள். 2015-இல் நோட்ரே டேம் அணி ஒரே சீசனில் ஆப்ஷன் ஆடும் ஜார்ஜியா டெக், நேவி இரண்டையும் சந்திக்க வேண்டியிருந்தது. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த பையன்களை வைத்து, ஆப்ஷன் ஆடிக் காட்டுவதற்கென்றே தனிக் குழு வைத்தார்கள். 30-22, 41-24 என்று இரண்டையும் ஜெயித்தார்கள். உங்கள் பையனின் கல்லூரி அப்படிச் செய்ததா தெரியாது. செய்யவில்லை என்றால் அது அவன் குற்றம் இல்லை.

அவன் என்ன பொசிஷன் என்று நீங்கள் எழுதவில்லை. லைன், அதாவது முன்வரிசை என்றால், கட் பிளாக்கைத் தடுக்கக் கையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். லைன்பேக்கர் என்றால் பந்தைப் பார்க்காமல் தன் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். சேஃப்டி என்றால் இன்றைக்கு ராத்திரியே போன் பண்ணுங்கள். பயிற்சி அட்டையில் என்ன இருந்தாலும் சரி, வீடியோ அறைக்குப் போய் எதிரணி போட்ட பாஸ்களை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ஐந்தே இருந்தாலும் பார்க்கட்டும். ஸ்லாட்பேக்கின் தோளைப் பார்க்கச் சொல்லுங்கள்.