பி.எஃப். பணம் வந்துவிட்டது, பென்ஷனும் இன்சூரன்ஸும் எங்கே?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தார். பி.எஃப். பிடித்த சம்பளம் ரூ.14,000. வேலையில் இருக்கும்போதே போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். பி.எஃப். பணம் ரூ.1.8 லட்சம் என் கணக்கில் வந்தது. அத்தோடு கணக்கு முடிந்தது என்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். வேறு ஏதாவது கிடைக்குமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கணக்கு முடியவில்லை, சகோதரி. பி.எஃப். என்று நாம் சொல்வதற்குள் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் பணம்தான் வந்திருக்கிறது. மாதாமாதம் வர வேண்டிய குடும்ப பென்ஷனும், மொத்தமாக வர வேண்டிய இன்சூரன்ஸ் தொகையும் பாக்கி.

பெரிய தொகை இன்சூரன்ஸில்தான். இ.டி.எல்.ஐ. என்று பெயர். இதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுகிறார். தொழிலாளியிடம் பிடித்தம் கிடையாது. சம்பள ரசீதில் வராததால் இப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கடைசி 12 மாத சராசரி சம்பளத்தை 35 ஆல் பெருக்குவார்கள். உங்களுக்கு அதுவே ரூ.4.9 லட்சம். அதோடு அந்த 12 மாதத்தில் பி.எஃப். கணக்கிலிருந்த சராசரி இருப்பில் பாதி சேரும். அது ரூ.1.6 லட்சம் என்றால் இன்னொரு ரூ.80,000. உச்சவரம்பு ரூ.7 லட்சம். இறந்தது விபத்திலா நோயிலா என்பது இதற்குப் பொருட்டே இல்லை.

பென்ஷனுக்குப் பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஓய்வு பெறுபவருக்கான விதி. வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு பென்ஷன் உண்டு. மாதம் குறைந்தது ரூ.1,000. அதில் 25 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வயது வரை தனியாக வரும். இறந்த மறுநாளிலிருந்தே கணக்கு என்பதால் நிலுவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20 மட்டும் போட்டிருப்பார்கள். பென்ஷனுக்குப் படிவம் 10டி, இன்சூரன்ஸுக்குப் படிவம் 5ஐஎஃப். இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், புகைப்படங்கள் தேவை. முதலில் கம்பெனியிடம் கையெழுத்து கேளுங்கள். கம்பெனியே மூடிவிட்டிருந்தால் பேங்க் மேனேஜரோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளிக்கலாம். கம்பெனி இழுத்தடித்தால் நேராக பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி குறைதீர் முகாமும் நடக்கிறது. தயவுசெய்து ஏஜென்ட் யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள். இதற்குக் கட்டணமே கிடையாது.

சில கம்பெனிகள் இ.டி.எல்.ஐ.க்குப் பதிலாகத் தனியாகக் குழுக் காப்பீடு எடுத்திருக்கும். அப்படியானால் கம்பெனி மூலம் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும், தொகை குறையாது.

அப்புறம், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தார்களா என்று பாருங்கள். இருந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு ரூ.15,000 வரை உண்டு. கணவரின் பேங்க் பாஸ்புக்கில் வருடத்துக்கு ஒருமுறை ரூ.436 பிடித்தம் தெரிகிறதா? அது ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். கடைசியாகப் பிடித்த வருடத்துக்குள் இறந்திருந்தால் ரூ.2 லட்சம், அந்தக் கிளையிலேயே விண்ணப்பம் கொடுங்கள்.