நான்கு நோட்டு நிறையப் பொன்மொழிகள், ஆனால் மீட்டிங்கில் ஒன்றும் கைகொடுக்கவில்லை

கேள்வி:

எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடமாக வேலை. அறிஞர்கள் சொன்னதைத் தேடிப் படித்து எழுதி வைப்பது என் பழக்கம். நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டால், எழுதினதெல்லாம் பறந்துவிடுகிறது. வெடுக்கென்று எதிர்த்துப் பேசிவிடுகிறேன். இல்லையென்றால் வாயடைத்துப்போய், அன்று முழுக்க அதையே நினைத்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறேன். இப்போது வேறொரு நிறுவனத்தில் கூப்பிடுகிறார்கள். 12 நாளில் பதில் சொல்ல வேண்டும். காலையில் போய்விடலாம் என்று தோன்றுகிறது, ராத்திரி வேண்டாம் என்று தோன்றுகிறது. இவ்வளவு படித்தும் ஏன் எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது?

பதில்:

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், ஆகையால் சட்டென்று புரியும். உங்கள் நான்கு நோட்டிலும் இருப்பது கூட்டலின் கடைசி வரி மட்டும். மேலே இருந்த எண்களும், அவற்றைப் போட்ட விதமும் அதில் ஏறவில்லை. மூலத்தொகை தெரியாத மொத்தத்தை வைத்து எந்தக் கணக்கையும் சரிபார்க்க முடியாது இல்லையா, பொன்மொழியும் அப்படித்தான். பண்டைய ரோமானியத் தத்துவஞானி செனெகாவோ, 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்கிளினோ நாம் படிக்கும் அந்த வரியை நினைத்துக்கொண்டு நாளை ஓட்டவில்லை. குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து, குறிப்பிட்ட கேள்விகளைக் கேட்டு, தாளில் கோடு போட்டு வேலை செய்தார்கள். அந்த வேலையைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரியைப் பிடித்துக்கொண்டு அது வந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல வரிகள் பெயர் மாறித் திரிகின்றன. ‘திரும்பத் திரும்ப எதைச் செய்கிறோமோ அதுவே நாம்’ என்பது அரிஸ்டாட்டில் பெயரில் உங்கள் நோட்டிலும் இருக்கக்கூடும். அது 1926இல் வில் டியூரன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர், அரிஸ்டாட்டிலை விளக்கும்போது தன் சொல்லில் எழுதியது. யார், யாருக்கு, எந்தச் சமயத்தில் சொன்னார் என்று தேடினால் பாதி வரிகள் உதிர்ந்துவிடும். மிச்சமுள்ளவற்றின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பயிற்சி இருக்கும்.

முதலில் திங்கட்கிழமைக்கு வருவோம்.

கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெடஸ் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் நிக்கோபொலிஸ் நகரில் ஆசிரியராக இருந்தவர். அவர் கைப்பட எதுவும் எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ‘உன் கையில் இருப்பது, இல்லாதது’ என்ற பிரிவை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே குறிப்புகளில் உங்களுக்கு இன்னும் பயன்படக்கூடிய இடம் ஒன்று உண்டு, பொதுக் குளியல் கூடத்துக்குக் கிளம்புகிறவனுக்கு அவர் சொன்னது. அங்கே என்னென்ன நடக்கும் என்று கிளம்பும்போதே எண்ணிப் பார்த்துவிடு: ஒருவன் தண்ணீரை வாரியடிப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் திருடுவான். ‘குளிக்கவும் வேண்டும், என் நிதானமும் கெடக்கூடாது’ என்று இரண்டு நோக்கத்தோடு போ.

இதை அப்படியே மீட்டிங்குக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே போவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி. வழக்கமாக நடப்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்: ‘நிலுவைப் பட்டியலைக் கேட்பார். குரல் உயரும். பக்கத்தில் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார்.’ அதன் கீழே இரண்டு நோக்கம்: ‘பட்டியலுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். நிதானமாகப் பேச வேண்டும்.’ கடைசியாக, அப்போது சொல்லப்போகும் ஒரே ஒரு வாக்கியம்: ‘சரிபார்த்துவிட்டு நாலு மணிக்குள் சொல்கிறேன்.’ இதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கோபம் ஏறிய நேரத்தில் புதிதாக ஒரு நல்ல வாக்கியம் பிறக்காது, தயாராக இருப்பதுதான் வாயில் வரும்.

எபிக்டெடஸைக் கையாளும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வசதியில்லாததையெல்லாம் ‘என் கையில் இல்லை’ பக்கம் தள்ளிவிடுவார்கள். மேலாளர் பேசியதை இரண்டாகப் பிரியுங்கள். அவர் குரல் அவருடையது. ‘அறிக்கை இரண்டு நாள் தாமதம்’ என்ற விஷயம் உண்மையானால் அது உங்களுடையது, அதற்கு அன்றைக்கே பதில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடுமை எல்லை மீறி, வாராவாரம் உங்களை மட்டும் குறிவைத்து அவமானப்படுத்துவதாக மாறியிருந்தால், பொறுத்துப்போகும் பயிற்சியாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதி, சொன்ன சொல், உடன் இருந்தவர்கள் மூன்றையும் குறித்துவைத்து, மனிதவளப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். புகார் கொடுப்பதும் உங்கள் கையில் இருப்பவற்றில் ஒன்றுதான்.

வெடுக்கென்று பேசும் பழக்கத்துக்கு பெஞ்சமின் ஃபிராங்கிளின் செய்தது உதவும். அவர் பட்டியலில் முதலில் 12 நற்குணங்கள்தான் இருந்தன. உன் பேச்சில் கர்வம் தெரிகிறது என்று ஒரு நண்பர் சொன்ன பிறகு பணிவைச் சேர்த்தார், 13 ஆயிற்று. அந்தப் பணிவைச் சொல்லில்தான் தொடங்கினார். ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லாமல்’ போன்ற சொற்களை விலக்கிவிட்டு, ‘இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது’ என்று பேசப் பழகினார். உங்கள் பேச்சிலிருந்து ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பதை மட்டும் இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று என்பதும் அவர் முறைதான். ஏழு நாளுக்கு ஏழு கட்டம், தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. அவருக்கே ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை சரியாகப் படியவில்லை என்று எழுதியிருக்கிறார், ஆகையால் கட்டத்தில் புள்ளி விழுந்தால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்களே, அதற்கு செனெகா. இரவில் விளக்கை அணைத்த பிறகு, பகலில் செய்ததையும் சொன்னதையும் அவர் ஒன்று விடாமல் திரும்பிப் பார்ப்பாராம். செக்ஸ்டியஸ் என்ற தத்துவஞானியிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் அது. கேள்விகள் மூன்று: இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைச் சரிசெய்தாய்? எந்தக் குறையை எதிர்த்து நின்றாய்? எந்த வகையில் முன்பைவிட மேலானாய்? அவர் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்று அலுவலகத்தில் நடந்ததுபோலவே இருக்கிறது: அந்த மனிதரைத் தேவைக்கு மேல் கண்டித்தாய், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டதுதான் மிச்சம்.

நீங்கள் நாளெல்லாம் நினைத்து மறுகுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு நேரம் உண்டு, முடிவும் உண்டு. ‘இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை உன்னை மன்னிக்கிறேன்’ என்று தனக்கே சொல்லித்தான் செனெகா கணக்கை மூடுவார். அந்த மன்னிப்பு சம்பிரதாயத்துக்குச் சொன்னதில்லை. தண்டனை நிச்சயம் என்றால் தன்னிடமே பொய்க்கணக்கு காட்டத் தோன்றும். மன்னிப்பு உண்டு என்று தெரிந்தால்தான் தப்பை முழுதாகப் பார்க்கத் துணிவு வரும். செனெகா இருட்டில் செய்தார். நீங்கள் படுக்கையில் செய்யாதீர்கள், உங்களைப் போல ஒன்றையே நினைத்துச் சுழல்பவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். இரவு ஒன்பதரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்து பத்தே நிமிடம், கேள்விக்கு ஒரு வரி, கையால் எழுதுங்கள். பகலில் மீட்டிங் நினைவு வந்தால் ‘இது ஒன்பதரை மணிக்கு’ என்று சொல்லித் தள்ளிவையுங்கள். முதல் சில நாள் தள்ளினாலும் திரும்பி வரும். இரவில் தவறாமல் அதற்கு இடம் கொடுத்தால், பகலில் வருவது மெல்லக் குறையும்.

இனி, 12 நாள் கெடு.

1772 செப்டம்பரில் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி ஏறக்குறைய உங்கள் நிலையில்தான் இருந்தார். ஷெல்பர்ன் பிரபு அவரைத் தன்னிடம் வேலைக்கு அழைத்திருந்தார். போவதா வேண்டாமா என்று ஃபிராங்கிளினிடம் யோசனை கேட்டார். என்ன முடிவெடுப்பது என்று சொல்ல மாட்டேன், எப்படி எடுப்பது என்று சொல்கிறேன் என்று ஃபிராங்கிளின் பதில் எழுதினார். உங்கள் ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று’ குழப்பத்துக்கான காரணமும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது: சாதகமும் பாதகமும் ஒரே சமயத்தில் மனதுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. ஒரு கூட்டம் வரும்போது மற்றது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

எனவே தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள், தோன்றத் தோன்ற ஒவ்வொரு சொல்லாக எழுத வேண்டும். பிறகு எடைபோட்டு, சமமானவற்றை இரு பக்கமும் அடித்துவிட வேண்டும். ஒரு சாதகம் இரண்டு பாதகத்துக்கு ஈடானால் மூன்றையும் அடிக்கலாம். உங்கள் தாளில் இப்படி இருக்கலாம்: இடப்பக்கம் ‘சம்பளம் கூடுதல்’, ‘பயணத்தில் 40 நிமிடம் மிச்சம்’, ‘புது மென்பொருள் கற்கலாம்’. வலப்பக்கம் ‘ஆறு மாதம் தகுதிகாண் காலம்’, ‘பழகிய குழுவை இழப்பது’, ‘மாதக் கடைசியில் இரவு வேலை’. 40 நிமிட மிச்சம் உங்களுக்கு மாதக் கடைசி இரவு வேலைக்குச் சமம் என்றால் இரண்டையும் அடியுங்கள். கூடுதல் சம்பளம், தகுதிகாண் காலத்தின் பயத்தையும் குழுவை இழப்பதையும் சேர்த்தே ஈடுகட்டுகிறது என்றால் மூன்றையும் அடியுங்கள். என்ன மிஞ்சுகிறதோ அதுதான் தட்டு சாயும் பக்கம்.

நான் தாளில் இன்னொரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு பத்தியும் பிரிக்கச் சொல்வேன். அது திருவள்ளுவர் கொடுத்தது. ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்கிறார். அழிவது ஒன்று, ஆவது ஒன்று, அதன் வழியே பின்னால் விளையும் ஊதியம் வேறொன்று. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிறார்கள். பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். ஆக்சிஜனைத் தனியாகப் பிரித்த 1774ஆம் ஆண்டுச் சோதனை அங்கே இருந்தபோதுதான் நடந்தது. ஆக்சிஜனை முன்கூட்டி எந்தப் பத்தியிலும் எழுதியிருக்க முடியாது. ஆனால் ‘ஆய்வுக்கு நேரமும் இடமும் கிடைக்கும்’ என்று எழுதியிருக்கலாம். நீங்களும் அந்த அளவில் எழுதுங்கள்: இந்த வேலை இரண்டு வருடத்துக்குப் பின் என்னை எந்த வேலைக்குத் தகுதியாக்கும்?

கணக்கு பொய்யாவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒரே காரணம் மூன்று பெயரில் வரும். சம்பளம், சேமிப்பு, கடனைச் சீக்கிரம் அடைப்பது எல்லாம் ஒரே பணம், ஒரு தடவைதான் வரவு வைக்கலாம். இன்னொன்று, தெரியாத தகவல் பயம் என்ற வேஷத்தில் வந்து உட்காரும். ‘வேலை நேரம் அதிகமாக இருக்குமோ’ என்பது பாதகம் அல்ல, நீங்கள் அவர்களிடம் போனில் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் நான்கு நாள் எழுதுவதற்கு. ஐந்தாம் ஆறாம் நாளில் அந்தத் தொலைபேசி விசாரிப்புகள். ஏழாம் நாள் எடைபோட்டு அடியுங்கள். பிறகு இரண்டு நாள் தாளை அப்படியே விடுங்கள். புதிதாக முக்கியமான எதுவும் தோன்றவில்லை என்றால் முடிவு செய்துவிடலாம் என்கிறார் ஃபிராங்கிளின். பத்தாம் நாள் பதிலை அனுப்புங்கள். அனுப்பிய பிறகு தாளை மறுபடி பிரிக்க வேண்டாம். துணிந்தபின் எண்ணுவது இழுக்கு என்று வள்ளுவர் சொன்னது இதற்குத்தான். தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், எதற்கு எடை கூடப் போட்டீர்கள், எதற்குக் குறையப் போட்டீர்கள் என்று தெரியும்.

இன்று இரவு ஒரு தாளில் அந்த இரண்டு கோடுகளைப் போட்டு, முதலில் தோன்றும் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். அடுத்தது நாளைக்கு வரும்.