வெளியில தெரியாத வலியும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவும்: கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் சமூக சேவை உத்தியோகத்தரா இருந்து ஓய்வு பெற்றனான். இடுப்புக்குள்ள செல் (எறிகணை) துண்டும் இருக்கு. இலங்கை அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு மாசாமாசம் தாற கொடுப்பனவு, அதுக்கான படிவம் பற்றி என்னவும் கேளுங்கோ. கேக்கிறவையை ஊர்ப் பேராலதான் போட்டிருக்கிறன். மருந்து கேட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவன்.

விசுவமடு: அண்ணை, 2009 சண்டையில காயம். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில செல் பீஸ் நிக்குது, எடுத்தால் ஆபத்து எண்டிட்டினம். நடப்பன். ஆனா கொஞ்ச நேரம் குனிஞ்சு வேலை செய்தால் அடுத்த நாள் எழும்பேலாது. "கை கால் முழுசாத்தானே இருக்கு" எண்டு விதானையார் (கிராம அலுவலர்) கேக்கிறார்.

தம்பி, கால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலி தெரியாது. அதால அதைப் பேப்பரில ஏத்த வேணும். கிளினிக்கில போய் "நோகுது" எண்டு மட்டும் சொன்னால் கொப்பியில "வலி" எண்டுதான் விழும், மாத்திரையோட வீட்ட வருவீங்கள். தண்ணி வாளி தூக்கேலாது, கச்சான் பிடுங்கக் குனியேலாது, பஸ்ஸில நிண்டு வரேலாது, இரவில எத்தினை தரம் முழிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. என்ன செய்ய ஏலாது எண்டதை மருத்துவச் சான்றிதழிலயும் எழுதச் சொல்லிக் கேளுங்கோ. அது பிழையில்லை.

பழைய ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாம் இடம்பெயர்வில போயிட்டுது எண்டு கன பேர் சொல்லுவினம். மெனிக் பாம் அகதி முகாமுக்கு உடுத்த உடுப்போட போன சனத்திட்ட ஆர் எக்ஸ்ரே கேக்கிறது? புதுசா ஒண்டு எடுங்கோ. உள்ளுக்கு இரும்பு நிண்டால் இண்டைக்கும் படத்தில வெள்ளையாத் தெரியும். கிளினிக்கை இடையில விடாதேங்கோ. எல்லாத்தையும் போட்டோக்கொப்பி எடுங்கோ, ஒறிஜினலை ஒருத்தரிட்டயும் விட்டிட்டு வராதேங்கோ.

மாங்குளம்: இப்ப எவ்வளவு குடுக்கினம்?

2024இல 7,500 ரூபா. 2025 ஏப்ரலில இருந்து 10,000.

முள்ளியவளை: அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ இல்லை. இல்லாத பாதம் எரியுது எண்டு இரவில அழுறா. மனசு சரியில்லையோ எண்டு அயலில கதைக்கினம்.

மனசு சரியாத்தான் இருக்கு, பிள்ளை. கால் போனாலும் மூளையில அந்தக் காலுக்குரிய இடம் அப்பிடியே இருக்கு, வலி அங்க இருந்து வருது. கண்ணாடியில நல்ல காலைக் காட்டி மூளையை ஆத்துற முறை ஒண்டு 1990களில வந்தது. அதைக் கண்டுபிடிச்சவர் விளையனூர் ராமச்சந்திரன், எங்கட தமிழ் ஆள்தான். எல்லாருக்கும் சரிவராது, பிசியோவிட்டக் கேட்டுப் பாருங்கோ. நரம்பு வலிக்கு எண்டு வேற மாத்திரையும் இருக்கு, பனடோல் அதுக்கு எடுபடாது. ஆனா வெட்டின இடத்தில, முனையில நொந்தால் அது வேற கதை. செயற்கைக் கால் பொருந்தாமல் உரசுதோ எண்டு செயற்கைக் கால் செய்யிற யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில காட்டுங்கோ.

நெடுங்கேணி: பாமசியில டைக்ளோபெனாக் எண்ட வலி மாத்திரை வாங்கிப் போடுறன், சுகமா இருக்கு. தொடரலாமோ?

வேண்டாம். வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியையும் பதம் பாக்கும். வவுனியாப் பக்கம் ஏற்கெனவே கிட்னி வருத்தக்காரர் கூட. டொக்டர் தந்தால் மட்டும், அவர் சொன்ன நாளுக்கு மட்டும்.

ஒட்டுசுட்டான்: கொடுப்பனவுக்கு உத்தியோகத்தர் வீட்ட நேரில பாக்க வரேக்க என்ர செயற்கைக் காலைக் கழட்டி வைக்கச் சொல்லி அப்பா சொல்லுறார். செய்யலாமோ?

துணுக்காய்: இதுதான் கள்ள வேலை. என்ர ஊரில ஒருத்தர் மோட்டார் சைக்கிள் ஓடுறார், கொடுப்பனவும் எடுக்கிறார்.

ஒட்டுசுட்டான்: போன முறை காலைப் போட்டு, சேட் போட்டு நிண்டன். "நல்லாத்தானே இருக்கிறியள்" எண்டிட்டுப் போச்சினம். நீங்கள் ஒருநாள் இந்தக் காலோட வயலுக்குப் போய்ப் பாருங்கோ.

துணுக்காய்: எங்கட வீட்டிலயும் வருத்தக்காரர் இருக்கினம். நாங்கள் நடிக்கேல்லை.

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. துணுக்காய் ஐயா, பஸ் நிக்கிற இடம் மட்டும் நடக்க ஏலாதவன்தான் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் எடுக்கிறான். அவன் ஏறி இறங்கிறதை நீங்கள் பாக்கேல்லை. தம்பி, காலைக் கழட்டி வைக்காதேங்கோ. கழட்டினால் நீங்கள் சொல்லுற உண்மையையும் நம்பாயினம். வந்தவைக்கு முன்னால போட்டுக் காட்டுங்கோ, கழட்டி முனையில இருக்கிற புண்ணையும் காட்டுங்கோ. நல்ல நாள் எப்பிடி, கூடாத நாள் எப்பிடி, கிழமையில எது கூட எண்டு வாயால சொல்லுங்கோ. நான் அந்தக் கதிரையில இருந்தவன். முனகிறவையை நம்பினதை விட விவரமாச் சொன்னவையை நம்பினது கூட.

துணுக்காய்: எல்லா ஒபிசரும் உங்களைப் போல கேப்பினமோ?

இல்லை. அதாலதான் பேப்பர் எண்டு கத்துறன்.

செட்டிகுளம்: எங்களுக்கு அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தாற காசு) வெட்டிட்டினம். அண்ணாவின்ர கொடுப்பனவும் போயிடுமோ?

2023இல தொடங்கின அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேற, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வேற. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திடாதேங்கோ. அஸ்வெசுமவுக்கு மேன்முறையீடு போடுங்கோ, அண்ணாவின்ரயைப் பிரதேச செயலகத்தில சமூக சேவைப் பகுதியில தனியாக் கேளுங்கோ. "நான் எடுத்துத் தாறன்" எண்டு காசு கேக்கிறவைக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. படிவத்துக்குக் காசில்லை.

புதுக்குடியிருப்பு: அண்ணை, இப்ப எவ்வளவு வருது?

மேல மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ.

பரந்தன்: தலையில சின்னப் பீஸ் இருக்கு. எம்.ஆர்.ஐ. எடுக்கத் திகதி தந்திருக்கினம்.

இது என்ர வேலையில்லை, எண்டாலும் விடேலாது. அந்த மெசின் பெரிய காந்தம், உள்ளுக்கு நிக்கிற இரும்பை அசைக்கலாம். பீஸ் இருக்கு எண்டு திகதிக்கு முதலே போய்ச் சொல்லுங்கோ, எக்ஸ்ரேயையும் கொண்டு போங்கோ.

நெடுங்கேணி: டைக்ளோபெனாக் ஊசி எண்டால் பரவாயில்லையோ?

அதுவும் அந்த மருந்துதான். நாளைக்குக் கிளினிக்குக்குப் போங்கோ.