மஜ்ஜை மாற்று முடிந்து வீடு திரும்பும் குழந்தை: முதலில் தெர்மாமீட்டர்

கேள்வி: என் 7 வயது மகனுக்குத் தலசீமியா என்ற பிறவி இரத்தக் குறைபாடு. அவனுடைய அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி 34 நாட்கள் ஆகின்றன. அடுத்த வாரம் பெரம்பூர் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறார்கள். மருந்து ஏற்ற மார்பில் வைத்த குழாய் இன்னும் இருக்கிறது. மாடியில் கொழுந்தனாரின் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. சாப்பாடு, குளியல், அக்காவின் பள்ளி என்று எதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: வீட்டைத் துடைத்துக் கழுவ ஆரம்பித்திருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அவன் தலைமாட்டில் வையுங்கள். புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கினாலும் எதிர்ப்பு சக்தி ஓரளவு திரும்பவே ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கிருமி புகுந்தால் சீழோ வீக்கமோ தெரியாமல் போகலாம்; பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனையை அழைத்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 'பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்ப்போம்' என்பது மட்டும் கூடவே கூடாது. குழாயில் மருந்து ஏற்றியதும் உடம்பு நடுங்கினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். சிகிச்சைக் குறிப்பு, மருந்துப் பட்டியல், ஒரு மாற்றுத்துணி எல்லாம் ஒரு பையில் கதவருகே தயாராக இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

குழாய் விஷயத்தில் சென்னையின் வியர்வைதான் பெரிய தொல்லை. ஒட்டுத்துணியின் ஓரம் மெல்ல எழும்பும். அதன் மேலேயே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டிவிடத் தோன்றும், செய்யாதீர்கள். நனைந்தாலோ எழும்பினாலோ அன்றைக்கே முறைப்படி மாற்றிவிட வேண்டும். குளிப்பாட்டும்போது குழாய் பக்கம் தண்ணீர் படாமல் மூடி, மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். குழாயின் முனையைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டால், விளையாடும்போது இழுபடாது. பையில் அவனுக்குப் பிடித்த படத்தைத் தைத்துக் கொடுங்கள், அவனே பத்திரமாகப் பார்த்துக்கொள்வான்.

எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்திருந்தால் சரியாக 12 மணி நேர இடைவெளியில் கொடுங்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் காலை மருந்தைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். இது பலரும் தவறவிடும் இடம். பம்ப்ளிமாஸ் பழம் இந்த மருந்தோடு ஒத்துப்போகாது. உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்த தடிப்பு, தண்ணீராக வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் எதைப் பார்த்தாலும் அன்றே சொல்லுங்கள். அக்காவின் அணுக்கள் அவன் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

சாப்பாட்டுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. அப்போது செய்து ஆவி பறக்கும் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், நன்றாக வெந்த முட்டை எல்லாம் கொடுக்கலாம். நேற்றுவைத்த குழம்பு, பழையசோறு, கடைக் கரும்புச்சாறு வேண்டாம். சட்னியை அரைத்தபின் ஒரு கொதி விட்டுவிடுங்கள். கேன் தண்ணீரானாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். பழத்தைத் தோலோடு கழுவிவிட்டு உரித்துக் கொடுங்கள். தயிர் பற்றி மருத்துவமனைக்கு மருத்துவமனை கருத்து வேறுபடும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துகளால் நாக்கில் ருசியே மாறியிருக்கும், இரண்டு வாயோடு தட்டைத் தள்ளுவான். கோபப்படாமல் சிறிது நேரம் கழித்துக் கொஞ்சம் கொடுங்கள்.

மழைக்காலத்தில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்த சுவர் உள்ள அறையில் அவனைப் படுக்கவைக்க வேண்டாம். பூந்தொட்டிகளும் வெளியே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கட்டுமானத் தூசி இருந்தால் மாஸ்க் கட்டாயம். பார்க்க வருகிறவர்களிடம் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பை உங்கள் கணவர் ஏற்கட்டும்.

மாடிக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போடும் நாள் வந்தால், முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, மலத்தில் வெளியேறும். ஊசி வடிவத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்து, மகன் அவர்கள் அருகில் இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அக்கா பள்ளிக்குப் போகட்டும். வந்ததும் சோப்பால் கைகால் கழுவி, சீருடையை மாற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்காரலாம். அவளுக்குச் சளி பிடித்த நாட்களில் மட்டும் வேறு அறையில் படுக்கட்டும். அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் தன் மஜ்ஜைதான் காரணமோ என்று அந்தப் பிஞ்சு மனம் குழம்பும், வெளியே சொல்லாது. அப்படி இல்லை என்று இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்.