அந்தக் கொல்லத்துப் பெண் கேட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 26 வயது. கேரளத்து இடுக்கி மலையில், பூப்பாறையில் ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் சவாரி, மற்ற நேரம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவேன். பக்கத்து எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் பெண்ணும் நானும் விரும்புகிறோம். தூரத்துச் சொந்தம், முறைதான். அவள் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா இல்லை, அவள் ஒரே பிள்ளை. படிப்பு முடியட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். அவள் கோட்டயம் பக்கம் அதிரம்புழையில், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் ஏதோ எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இதற்குமேல் நெட் தேர்வு எழுதணும், பிஎச்.டி. பண்ணணும் என்கிறாள். நான் தினமும் மத்தியானமும் ராத்திரியும் போன் பண்ணி எங்கே இருக்கிறாள், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய் நின்றேன். அன்றைக்கு அவளுக்கு ஏதோ செமினாராம். முகம் மாறிவிட்டது. கேன்டீனில் அவள் சிநேகிதர்களோடு என்னை உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய்விட்டாள். எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர்கள் பேசியது பிடிபடவில்லை, ஊமை மாதிரி இருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் என் தங்கச்சியின் பிளஸ் டூ ரிசல்ட் கேட்டாள். நான் விரும்புகிற பெண்ணோடு ஒரே ரூமில் இருக்கிற கொல்லத்துப் பெண் "அப்பா காலு இப்ப எப்படி இருக்கு" என்று தமிழில் கேட்டாள் (போன வருஷம் அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து, தேனி க.விலக்கு ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்தார்கள்). அதோடு சரி. செமினார் முடிந்து வரும்போது உயரமான ஒரு பையன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவள் மனசு மாறிவிட்டதா? அத்தைக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் தோட்டத்து வேலை முடிகிறது. அதற்குள் கல்யாணத்தை வைத்து, படித்தது போதும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா?

பெயர் வேண்டாம், பூப்பாறை

*

தம்பி,

அவள் மனசு மாறிவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. மாறவே மாறாது என்று எழுதி உன்னைத் தூங்க வைக்கவும் மாட்டேன். இதே கடிதம் எனக்குச் செங்கோட்டையிலிருந்து வரும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும். திருப்பதிக்குப் படிக்கப் போன பெண்ணைப் பற்றி நகரியிலிருந்து வரும். கேன்டீன், புரியாத பேச்சு, கூட நடந்து வந்த பையன் என்று எல்லாவற்றிலும் அதே சங்கதிதான். உன் கடிதத்தில் மட்டும் வேறொன்று இருக்கிறது. அதை நீ ஒரு வரியில் சொல்லி, "அதோடு சரி" என்று தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அங்கேயிருந்து நகர முடியவில்லை.

அந்தக் கொல்லத்துப் பெண் உன் அப்பாவின் காலைப் பற்றி எப்படித் தமிழில் கேட்டாள்?

நீ சொல்லாமல் போனவன். உன்னை வரவேற்க யாரும் இரண்டு வரி தமிழ் கற்றுக்கொண்டு காத்திருக்கவில்லை. கொல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு மனசில் வருவது மலையாளம்தான். உனக்கு மலையாளம் வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் அந்த வாக்கியம் முழுசாக, அட்சரம் பிசகாமல் வாயில் வந்திருக்கிறது. நான் நினைப்பதைச் சொல்கிறேன். ராத்திரியில் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து போன் பேசுகிற ஒருத்தி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். உன்னிடம் கேட்டிருப்பாள், உன் அம்மாவிடம் கேட்டிருப்பாள், உன் அப்பாவையே கூப்பிட்டுக் கேட்டிருப்பாள். கம்பி வைத்த நாளிலிருந்து எத்தனை ராத்திரி கேட்டிருந்தால், பாஷை தெரியாத இன்னொரு பெண்ணுக்கு அது பாடமாகியிருக்கும்!

இப்போது நீ பதில் சொல். பூப்பாறை ஸ்டாண்டில் உன் பக்கத்தில் நிற்கிற டிரைவர்களும் நீ போன் பேசுவதைத் தினமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு எந்த வாக்கியம் பாடமாகியிருக்கும்? நீயே எழுதியிருக்கிறாய். எங்கே இருக்கே, கூட யாரு. அவ்வளவுதான்.

உன் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார். கண்ணாடி போட்ட பெண், கொல்லத்துப் பெண், உயரமான பையன். ஒருத்தருக்குக்கூடப் பெயர் இல்லை. அவர்களுக்கு உன் தங்கச்சி பரீட்சை எழுதியது தெரிகிறது, உன் அப்பாவின் கால் தெரிகிறது. இரண்டாம் வருஷம் நடக்கிறது, அவளோடு ஒரே அறையில் படுத்து எழுகிற பெண்ணின் பெயர் உனக்குத் தெரியவில்லை. என்ன எம்.ஏ. என்று தெரியவில்லை. எதைப் பற்றிச் செமினார் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, திரும்பி வந்த பிறகும் கேட்கவில்லை. உன் குடும்பத்தை அவள் கோட்டயம் வரை கொண்டு போய், தன் சிநேகிதர்கள் நடுவில் வைத்திருக்கிறாள். அவளுடைய நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட நீ பூப்பாறைக்குக் கொண்டு வரவில்லை. அவள் மறந்துவிட்டாளா என்று கேட்கிற உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது?

உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வா. மலையாளம் தெரிந்தும் ஊமை மாதிரி இருந்தேன் என்கிறாய். அந்தக் கஷ்டம் நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1956 நவம்பரில் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து உங்கள் மலைப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்து, கீழே இறங்கியதும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். உன் பெண்ணும் லயத்திலிருந்து இறங்கிப் போனவள்தான். நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் முதல் வருஷம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் வாய் திறக்க எத்தனை மாதம் ஆயிற்று, யார் கைகொடுத்தார்கள், எந்த ராத்திரி அழுதாள் என்பதெல்லாம் நீ கேட்டிருக்க வேண்டிய சங்கதி. அப்படி இருந்தவள் அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பேசப் போகிறாள். அந்த நேரம் பார்த்து நீ வாசலில் போய் நிற்கிறாய். முகம் மாறாமல் என்ன செய்யும்? சந்தோஷம் கொடுக்கப் போகிறவன் எந்த நாள் தோது என்று கேட்டுக்கொண்டு போவான். சொல்லாமல் போகிறவன் எதையாவது பார்க்கத்தான் போகிறான். நீயும் பார்க்கப் போனாய், ஒரு பையனையும் ஒரு பையையும் பார்த்துவிட்டுத் திரும்பினாய்.

அந்தப் பையனைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. செமினார் முடித்து வருகிறவளின் பையைக் கூடப் படிக்கிறவன் தூக்கி வந்தால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் அவளிடமே நேராகக் கேள். ஊராரிடம் விசாரித்தாய் என்றோ, அவளுக்குத் தெரியாமல் போனை எடுத்துப் பார்த்தாய் என்றோ அடுத்த கடிதத்தில் எழுதாதே. எழுதினால் உன்னை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அந்தப் பெண்ணுக்குத்தான் பதில் போடுவேன்.

எனக்கு நிஜமாக வலித்த இடம் கடைசியில் இருக்கிறது. அத்தைக்கு இரண்டு வருஷத்தில் வேலை முடிகிறது, அதற்குள் கல்யாணம். எதற்காக அதற்குள்? உன் அவசரம் எனக்குப் புரிகிறது. அத்தையின் நிலைமை உனக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. லயத்து வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருக்கிறவர்களுக்கு வீடு கொடுக்கச் சொன்னது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும், வீட்டில் இன்னொருத்தர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் அங்கேயே இருக்கலாம். அதனால்தான் மலையில் எத்தனையோ பிள்ளைகள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட, அப்பன் ஆத்தாளுக்குக் கூரை வேண்டும் என்று படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனார்கள். உன் அத்தைக்கு இருப்பது ஒரே பெண். புருஷன் இல்லை. மகளைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தால் வீட்டுக் கவலை இல்லாமல் இருந்திருப்பார். தெரிந்தேதான் கோட்டயத்துக்கு அனுப்பியிருக்கிறார். தன் தலைக்கு மேலே இருக்கிற கூரையை வைத்து அந்தப் படிப்பை வாங்கியிருக்கிறார் தம்பி. அதைப் போய் "போதும்" என்று சொல்ல நீ யார்?

2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ பள்ளிக்கூடம் போகிற வயசு. சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே சேர்க்காமல், பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தாங்களே கூடி, 20 சதவீத போனஸ் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அன்றைக்கு அவர்கள் நாள்கூலி 232 ரூபாய். அதற்குப் பிறகுதான் 301 ஆயிற்று. அந்த மாதிரிக் கூலியில்தான் உன் அத்தை ஒரு பெண்ணை எம்.ஏ. வரை ஏற்றியிருக்கிறார். அந்த வருஷங்களை அவர் எப்படி ஓட்டினார் என்று என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? அத்தை என்று கூப்பிடுகிறாயே, அந்தப் பேருக்கு ஒரு கடமை உண்டு. காதல் இரண்டு பேர் விஷயம், குடும்பத்துக்கு அதில் வேலை இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒரே பெண்ணைக் கட்டிக்கொள்கிறவன் அவள் தாயின் முதுமையையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறான். அதற்குத் தயார் இல்லை என்றால் இப்போதே விலகிக்கொள்.

நெட், பிஎச்.டி. என்கிறாளே, அதை நீ உன்னைவிட்டுத் தூரம் போகிற வழியாகப் பார்க்கிறாய். கணக்கைப் பார். நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால், 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். கிடைப்பது சுலபம் இல்லை, நிறையப் பேர் எழுதிச் சிலருக்குத்தான் கிடைக்கிறது. கிடைத்துவிட்டால் அத்தைக்கு ஒரு வாடகை வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். உன் பெண் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு வைத்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளைப் பாதி வழியில் இறக்கிக் கூட்டி வந்தாய் என்றால், அம்மாவின் வீட்டுக்காக அவள் போட்டிருக்கிற ஒரே வழியையும் நீ அடைத்துவிடுவாய். பிறகு ஆயுசு முழுக்க உன் வீட்டில் சோறாக்கினாலும் அதை அவள் மறக்க மாட்டாள், மறக்கவும் கூடாது.

ஆகவே படிப்பை நிறுத்து என்று அவளிடம் பேச்செடுக்காதே. ஏற்கெனவே எடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே போன் பண்ணி, தப்பு என்று சொல்லிவிடு. எந்தக் கிழமை தோது என்று கேட்டுக்கொண்டு இன்னொரு முறை கோட்டயம் போ. போவதற்கு முன்னால் அந்தச் சிநேகிதர்களின் பெயர்களையும் அவள் படிக்கிற பாடத்தையும் தெரிந்துகொள். கொல்லத்துப் பெண்ணிடம் அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று ஒழுங்காகப் பதில் சொல். அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீயும் கேள். உனக்குத்தான் மலையாளம் வருமே. தேர்வு நேரத்தில் மத்தியானப் போன் வேண்டாம். நாலு மணிச் சவாரிக்காக நீ சீக்கிரம் படுக்கிறவன் என்பது தெரிகிறது. சவாரி இல்லாத நாளில் ராத்திரி ஒரு தடவை, அவளுக்கு நேரம் இருக்கும்போது பேசு.

கல்யாணத் தேதி பேச இப்போது அத்தை வீட்டுக்குப் போகாதே. போனால், வேலை முடிந்ததும் எங்கே இருக்கப் போகிறார் என்பதைப் பேசு. உங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, அப்பா அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு போ. மருமகன் வீட்டில் இருக்க அவருக்கு மனசு வராமல் போகலாம், கட்டாயப்படுத்தாதே. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கிற லைஃப் மிஷன் திட்டத்தில் அவர் பெயரைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று பஞ்சாயத்தில் விசாரி. உங்கள் இடத்துக்குப் பட்டயம் (பட்டா) இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள். இடுக்கியில் பட்டயம் இல்லாத மண்ணில் ஓர் அறை எழுப்பப் போனாலும் சிக்கல் வரும். காகிதம் சரியாக இல்லை என்றால் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியிருக்கும், அதற்கு இந்த இரண்டு வருஷமே பத்தாது. இந்த வாரமே ஆரம்பி.